ஒப்பீட்டு வீடு

புதுக்கோட்டை மாநகராட்சி ஆனதில் வேறு யாருக்கு என்ன லாபமோ தெரியாது, வெயிலுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அதுவரைக்கும் அது வெறும் வெயில். அடித்தது, திட்டினோம், ஐப்பசி மழையில் மறந்துபோனோம். மாநகராட்சி ஆனதும் அதற்கு 'நகர்ப்புற வெப்பம்' என்று பேர் வந்துவிட்டது. பேர் வந்ததும் நிதி வந்தது. நிதி வந்ததும் சென்னையிலிருந்து 'நகர மக்கள் தட்பவெப்பத் தகவமைப்பு உயர் ஆய்வு மையம்' வந்தது. அந்தப் பேரை ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்த ஒரே ஆளான இயக்குநர், முனைவர் அரவிந்த்குமார், கண்ணாடி ஏற்றிய காரில் வந்து மச்சுவாடியில் நாகராசு வீட்டு வாசலில் இறங்கினார்.

நாகராசு பஸ் ஸ்டாண்டு பக்கம் டயர் கடை வைத்திருப்பவர். அந்த நேரம் கடையில் இருந்தார். அவர் பெண்டாட்டி பொற்கொடி மொட்டைமாடியில் மிளகாய் வத்தல் காயப்போட்டுவிட்டு, கையைக் கழுவாமலே கீழே இறங்கி வந்தாள். முனைவர் அவளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். தடவினார். தட்டினார்.

விஷயம் இதுதான். அது ஒரு காலத்தில் ஒரே வீடு. அப்பா போனபிறகு அண்ணன் தம்பி பாகம் பிரித்து, நட்டநடுவே சுவர் எழுப்பிக்கொண்டார்கள். இந்தப் பக்கம் நாகராசு, அந்தப் பக்கம் தம்பி குணசேகரன். ஒரே செங்கல், ஒரே கொத்தனார், ஒரே கிழக்குப் பார்த்த வாசல், ஒரே மாதிரி ஒழுகுகிற மாடி. முனைவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒண்ணே ஒண்ணுதாம்மா தெரியணும்," என்றார். "இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் போக்குவரத்து எப்படி?"

"போக்குவரத்தா? மூஞ்சிக்கு மூஞ்சி பாத்து ஆறு வருசமாச்சு."

"பேச்சே கிடையாதா?"

"கிடையாது."

"ஒரு கரண்டி சர்க்கரை, ஒரு கிண்ணம் குழம்பு, அந்த மாதிரி?"

"செத்தாலும் கிடையாது."

"நல்லது கெட்டதுக்கு?"

"கெட்டதுக்குப் போவோம். இன்னும் ஒண்ணும் வரல."

முனைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்தில் நின்ற களப்பணிப் பெண் ரம்யாவிடம், "இப்படி ஒரு ஜோடி நாட்டுல வேற எங்கயும் கிடைக்காதும்மா," என்றார். ஒரு குடும்பம் உடைந்துகிடக்கிறதைப் பார்த்து ஒருத்தர் இத்தனை சந்தோஷப்பட்டதைப் பொற்கொடி அதுவரை பார்த்ததில்லை. சொந்தக்காரர்கள்கூட அதை இத்தனை வெளிப்படையாகக் காட்டிக்கொண்டதில்லை.

அந்தச் சண்டையையும் சொல்லிவிடுகிறேன். குணசேகரன் மகனுக்குக் காதுகுத்து. மண்டப வாசலில் யானை உயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ். தாய்மாமன்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சிங்கத்துக்குப் பக்கத்தில் நடந்து வருகிறார்கள். குணசேகரன் பெண்டாட்டி சுகுணா வீட்டு ஆட்கள் ஒருத்தர் பாக்கியில்லை. சொந்தப் பெரியப்பா நாகராசு எங்கே? தேடித் தேடிப் பார்த்தால், கீழே கடைசி மூலையில், ஃபிளெக்ஸ் அடித்த கடையின் போன் நம்பருக்கு மேலே, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு தலை. பார்த்தவர்கள் எல்லாம் அவர்தான் ஃபிளெக்ஸ் கடை முதலாளி என்று நினைத்தார்கள். ரெண்டு பேர் வந்து கல்யாணத்துக்கு ஆர்டரே கொடுத்தார்கள். பொற்கொடி பந்தியில் கை நனைக்காமல் புருசனையும் மகளையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்றைக்கு மூடிய வாய்தான்.

மறுவாரமே ஆய்வு துவங்கியது. நாணயம் சுண்டினார்கள். குணசேகரன் வீடு 'தலையீட்டு வீடு' ஆயிற்று. அதற்கு மாடி முழுக்க வெள்ளைப் பூச்சு, மாடிக்கும் வாசலுக்கும் பச்சை வலை, எதிரும் புதிருமாக ரெண்டு புது ஜன்னல், காற்று இழுக்கிற விசிறி எல்லாம் வந்தன. நாகராசு வீடு 'ஒப்பீட்டு வீடு'. அதற்கு ஆணியில் தொங்குகிற ஒரு வெப்பமானிப் பெட்டியும், வாசலில் ஒரு பெரிய பலகையும் வந்தன. பலகையில் முக்கால்வாசி முனைவரின் சிரித்த படம். மிச்சத்தில் மையத்தின் பேர். ஓரத்தில் 'ஒப்பீட்டு வீடு' என்று இருந்தது.

"எங்களுக்கு என்ன செய்வீங்க சார்?" என்று பொற்கொடி கேட்டாள்.

"உங்களுக்கு எதுவுமே செய்யமாட்டோம்மா. அதுலதான் உங்க பெருமையே இருக்கு," என்றார் முனைவர். "அவங்க எவ்வளவு சவுகரியமா இருக்காங்கன்னு உலகத்துக்குத் தெரியணும்னா, நீங்க எவ்வளவு அவஸ்தைப்படுறீங்கன்னு தெரியணும். நீங்க இல்லாம அவங்க இல்ல. ஆடி பொறக்குற வரைக்கும் வீட்டுல ஒண்ணும் மாத்தக்கூடாது. மாடியில தண்ணி தெளிக்கக்கூடாது. கீத்து வேயக்கூடாது. புது ஃபேன் கூடாது. வெயில் எப்படி வருதோ அப்படியே உள்ள விட்டுடணும்."

"நடுவுல முடியலன்னா?"

"ஜோடியில ஒரு வீடு விலகினா, இன்னொரு வீட்டையும் நீக்கணும். அந்தப் பூச்சைச் சுரண்டி எடுத்துருவோம். அதுதான் விஞ்ஞானம்."

நாகராசு கையெழுத்துப் போட்டுவிட்டார். சென்னையிலிருந்து வந்த ஆள் கார்க் கதவைத் திறந்து கீழே இறங்கிக் கேட்டால் எப்படி முடியாது என்பது? போட்டபிறகு ராத்திரிச் சோற்றுக்கு முன்னாலேயே, மாட்டிக்கொண்டோம் என்று அவருக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் வாக்கு வாக்குதான் என்றார். பொற்கொடிக்கு வேறு கவலை. நாம் விலகி அந்த வீட்டுப் பூச்சைச் சுரண்டினால், ஓர்ப்படி குளுகுளுன்னு இருக்கிறது பொறுக்காமல் கெடுத்துவிட்டாள் என்று தெருவே பேசும். அந்தப் பேர் மட்டும் வாங்கக்கூடாது. அதற்கு வெந்தே சாகலாம்.

துவக்க விழா ஒரு ஏசி மண்டபத்தில் நடந்தது. 'வெயிலோடு வாழ்வோம்' என்று மேடையில் பலூன் கட்டியிருந்தார்கள். முனைவர் மைக்கைப் பிடித்து, "நகர மக்கள் அன்றாட வாழ்வில் வெப்பத்தை எப்படி அன்போடு ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதை..." என்று ஆரம்பித்தபோது கரண்டு போனது. ரெண்டு நிமிஷம் துண்டால் விசிறிக்கொண்டார். மூன்றாவது நிமிஷம் ஆளைக் காணோம். வெளியே காரில் உட்கார்ந்து ஏசியைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை விரல் கனத்துக்கு இறக்கி, அந்த இடுக்கு வழியாக மிச்சப் பேச்சைப் பேசி முடித்தார். ஜனங்கள் வெயிலில் நின்று கேட்டு, கை தட்டினார்கள். அதை ரம்யா 'மக்களிடம் உயர்ந்த தகவமைப்புத் திறன் காணப்பட்டது' என்று குறித்துக்கொண்டாள்.

சித்திரை பாதி இப்படிப் போனது. பொற்கொடி ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டினாள். அப்புறம்தான் ஹரிணி வந்தாள்.

ஹரிணி அவளுடைய ஒரே மகள். குன்றாண்டார்கோவில் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவம். வளைகாப்புப் போட்டு, ஊரைக் கூட்டி அழைத்து வந்தார்கள். பக்கத்து வீட்டுக்குச் சொல்லவில்லை. பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா, "காலு வீங்கியிருக்கு, பிரஷர் ஏறுது, இந்தப் பொண்ணைச் சூட்டுல வைக்காதீங்க," என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சூட்டில் வைக்காமல் எங்கே வைக்கிறது? ஒப்பீட்டு வீட்டில் பகல் பதினோரு மணிக்கெல்லாம் சுவர் தோசைக்கல்லாகிவிடும். பிள்ளை தரையில் தண்ணீரைக் கொட்டி அதில் படுத்துக்கிடந்தாள். பொற்கொடி ராத்திரியெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிவிட்டாள்.

"வாக்காவது மண்ணாவது," என்று அவளே போய்க் கீற்றுக்கட்டு வாங்கிவந்து மாடிப்படியில் சாய்த்தாள். தகவல் எட்டி, அரை மணி நேரத்தில் முனைவர் வந்துவிட்டார்.

"கர்ப்பிணியா?" என்றார். முகம் மலர்ந்துபோயிற்று. "தலைப்பிரசவம், அதுவும் அக்கினி நட்சத்திரத்துல! அம்மா, 'எளிதில் பாதிக்கப்படும் பிரிவு' எங்களுக்கு இதுவரைக்கும் ஒருத்தர்கூடச் சிக்கல. கடவுள் உங்க வீட்டுக்கு அனுப்பியிருக்கார். தயவுசெஞ்சு கீத்துப் போட்டுக் கெடுத்துடாதீங்க."

"சார், எம்பொண்ணு மயங்கி மயங்கி விழுகுறா."

"எந்த நேரத்துலன்னு குறிச்சு வைங்கம்மா."

கீற்றுக்கட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பதிலுக்கு ஹரிணியின் மணிக்கட்டில் ஒரு கறுப்புப் பட்டையைக் கட்டிவிட்டார்கள். அவள் எங்கே போனாலும் அது சொல்லிவிடுமாம்.

அது சொல்லவும் செய்தது. மறுநாள் மத்தியானம் பொற்கொடி கண்ணசந்த நேரம், ஹரிணி எழுந்து மெல்ல நடந்து பக்கத்து வீட்டுக்குள் போய், "சித்தி" என்றாள். சுகுணா உடனே எழுந்தாள். ஜன்னலடியில் பாயை விரித்தாள், மோரைக் கரைத்துக் கொடுத்தாள், காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். பொற்கொடி விழித்துப் பார்த்தாள், சுவருக்கு அந்தப் பக்கம் மகள் சிரிக்கிற சத்தம் கேட்டது, திரும்பிப் படுத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மானம் பெரிசா மகள் பெரிசா என்று அவளை யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் தூங்குகிறேன் என்று சொல்லியிருப்பாள்.

மணிக்கட்டுப் பட்டை தூங்கவில்லை. அதற்கடுத்த நாள் மையத்திலிருந்து ரெண்டு வண்டி வந்தது.

"ஆய்வுல மாசு கலந்துருச்சு," என்றார் முனைவர். "ஒப்பீட்டு வீட்டு ஆள் தலையீட்டு வீட்டுல ரெண்டு மணி நேரம் குளிர்ந்திருக்காங்க. மோர் வேற."

"ஒரு டம்ளர் மோருதான சார்," என்றாள் ரம்யா மெதுவாக.

"இன்னைக்கு மோர். நாளைக்கு ரசம். அப்புறம் பேச ஆரம்பிச்சுருவாங்க. இந்த ரெண்டு குடும்பத்துப் பகைமேலதான்மா நான் மூணு வருஷ நிதியைக் கட்டியெழுப்பியிருக்கேன்."

உடனே நடவடிக்கை எடுத்தார்கள். ரெண்டு வீட்டுக்கும் நடுவே வாசலில் சிவப்பு நாடா கட்டி, 'எல்லைக் கண்காணிப்பாளர்' என்று ஒருத்தரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வெயில் தாங்காமல் அவர் சுகுணா வீட்டுப் பச்சை வலைக்கு அடியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அவள் கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டே எல்லையைக் காத்தார். ஹரிணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த மோரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் அவள் கண் இருட்டி, சுவரைப் பிடித்தபடி சரிந்துவிட்டாள். பொற்கொடி அலறிய அலறலில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் விழுந்தது. ஆனால் யாரும் வரவில்லை. நாடா குறுக்கே இருந்தது. ஆறு வருசமும் குறுக்கே இருந்தது.

நாடா போதாது என்று முனைவருக்கே தோன்றியிருக்க வேண்டும். ஆலோசகர் ஒருத்தரை வரவழைத்தார். பிரகதீஸ்வரி என்று பேர். குடும்ப நல ஆலோசகர், பிரிந்துபோன புருசன் பெண்டாட்டிகளைச் சேர்த்துவைத்துப் பேர் வாங்கியவர்.

"சேத்து வைக்கிறவங்களை எதுக்கு சார்?" என்றாள் ரம்யா.

"பிரிக்கிறதுக்கும் அதே கேள்விகள்தான்," என்றார் பிரகதீஸ்வரி. "கடைசிக் கேள்வியிலேருந்து ஆரம்பிச்சு மேல போகணும், அவ்வளவுதான்."

மறுநாள் உச்சி வெயிலில், ரெண்டு குடும்பத்தையும் நாடாவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிறுத்தினார்கள். பிரகதீஸ்வரி ஒரு சுருளை எடுத்துப் பிரித்தார். பழைய ஃபிளெக்ஸ்! கடைக்காரர் கம்ப்யூட்டரிலிருந்து தேடிப்பிடித்து மையத்துச் செலவில் மறுபடி அடித்து வாங்கியிருந்தார்கள். அதே சிங்கம், அதே கறுப்புக் கண்ணாடிகள், கடைசி மூலையில் அதே எலுமிச்சம்பழம். மறதி வந்துவிடக்கூடாது என்று அதைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டமும் போட்டிருந்தார்கள்.

"நல்லாப் பாருங்கம்மா," என்றார் பிரகதீஸ்வரி தேன் குரலில். "இது உங்க வீட்டுக்காரர்தானே? அன்னைக்கு எப்படி இருந்துச்சு உங்களுக்கு? அடக்கி வைக்காதீங்க. முழுசா உணருங்க."

பொற்கொடி முழுசாகவே உணர்ந்தாள். ஆறு வருசக் கோபமும் ராத்திரியெல்லாம் விசிறிவிட்ட கைவலியும் சேர்ந்து ஒரே வேகத்தில் தலைக்கேறியது.

"ஏண்டி! எம்புருசன் தலை ஒனக்கு எலுமிச்சம்பழமாடி?"

ஆறு வருசத்துக்குப் பிறகு சுகுணாவிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. முனைவருக்கு வாயெல்லாம் பல். "பதிவு பண்ணுங்க, பதிவு பண்ணுங்க," என்று கிசுகிசுத்தார்.

"கடைக்காரன் எடமில்லைன்னு அங்கிட்டுப் போட்டான், நான் என்ன கண்டேன்?" சுகுணாவும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அதுக்குன்னு ஊரு கூடியிருக்கையில கை நனைக்காம போவியா? ஒனக்குன்னு எலை போட்டு, பந்தி முடியிற வரைக்கும் அந்த எலைக்கு முன்னால உக்காந்திருந்தேன்! யாரையும் அதுல உக்கார விடல!"

"ஃபிளெக்ஸுல எடமில்ல, எலையில எடமிருந்துச்சோ?"

"நீ மட்டும் யோக்கியமா? என் இடுப்புலயே வளந்த புள்ள! அதுக்கு வளையல் போட எனக்கு ஒரு வார்த்தை சொன்னியா? வாங்கி வச்ச வளையலு பீரோவுக்குள்ளயே கெடக்கு! ராவெல்லாம் அழுதேன், ஒனக்குத் தெரியுமா?"

"அழுகுறவ சுவத்தைத் தட்ட வேண்டியதுதானே!"

"நீ தட்டியிருந்தா நான் திறந்திருக்க மாட்டேனா?"

இங்கேதான் உயர் ஆய்வு மையம் கோட்டைவிட்டது. எங்கள் ஊரில் பகை என்றால் பேசாமல் இருப்பது. வாயைத் திறந்து நாலு வார்த்தை திட்டிவிட்டால் பகைக்குப் பாதி உயிர் போய்விடும். தெருவே வேடிக்கை பார்க்க மூச்சு முட்டத் திட்டித் தீர்த்துவிட்டால், அப்புறம் பேசாமல் இருக்க வழியே இல்லை. இது சைக்கிளில் மீன் விற்க வருகிறவருக்குக்கூடத் தெரியும். சென்னைக்குத் தெரியாது. சத்தம் கூடக் கூட, முனைவர் ஆய்வு பிழைத்துவிட்டது என்று பிரகதீஸ்வரிக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் ஹரிணி வாசல் தூணில் சாய்ந்தாள். முகமெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. சுகுணாதான் முதலில் பார்த்தாள்.

"சண்டைய அப்புறம் வச்சுக்குவோம்க்கா," என்றாள். "மொதல்ல புள்ளய நெழலுக்குக் கொண்டா."

அக்கா என்ற வார்த்தை காதில் விழுந்ததும் பொற்கொடி மகளிடம் ஓடினாள். ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்து, பிள்ளையைச் சுகுணா வீட்டுக்கு அழைத்துக்கொண்டு நடந்தார்கள். சிவப்பு நாடா சுகுணா வயிற்றில் மாட்டி, அறுந்து, கூடவே உள்ளே போனது. கண்காணிப்பாளர் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார்.

"அம்மா! எல்லை! எல்லை!" என்று முனைவர் வாசலிலிருந்து கத்தினார். "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு தேசியத் தரவைக் கொன்னுட்டீங்க!"

"கத்தாதீங்க சார்," என்றாள் பொற்கொடி உள்ளேயிருந்து. "புள்ள தூங்கட்டும்."

ஜோடி செல்லாது என்று அன்றைக்கே உத்தரவு போட்டார்கள். பச்சை வலையைக் கழற்றிக்கொண்டார்கள், விசிறியைக் கழற்றிக்கொண்டார்கள். ஜன்னலை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். வெள்ளைப் பூச்சைச் சுரண்ட ரெண்டு ஆட்களை மாடியில் ஏற்றினார்கள். நல்ல வெயில். ஒரு முழம் சுரண்டுவதற்குள் ரெண்டு பேருக்கும் தலை சுற்றிவிட்டது. கீழே இறங்கி, சுகுணா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, ஜன்னலடியில் படுத்து ஒரு தூக்கம் போட்டார்கள். எழுந்ததும் சுரண்டியாயிற்று என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அண்ணனும் தம்பியும் புதுசாகக் கீற்று வாங்கி, நடுச்சுவரையும் சேர்த்து மூடி, ரெண்டு மாடிக்கும் ஒரே கொட்டகையாக வேய்ந்தார்கள். அதற்குக் கீழே ஹரிணி ஆனி மாசம் வரைக்கும் கையில் சித்தி போட்ட வளையலோடு படுத்துக்கிடந்தாள். காலில் வீக்கம் வடிந்தது. சுகப்பிரசவம், பெண் குழந்தை. கண்ணைத் திறந்ததும் கத்துகிற கத்தலைப் பார்த்தால் அப்படியே பொற்கொடிதான்.

மையத்தின் அறிக்கையும் வெளிவந்தது. 'நகர மக்கள் கடும் வெப்பத்தின்போது அண்டை வீட்டாருடன் பேசத் தொடங்கிவிடுகின்றனர். இது ஆய்வுகளுக்குப் பெரும் அச்சுறுத்தலாக உள்ளது. அடுத்த கட்டத்தில் மேலும் ஆழமான பகை கொண்ட குடும்பங்களைக் கண்டறிய கூடுதல் நிதி தேவை' என்று அதில் இருந்தது. நிதி கிடைத்துவிட்டதாகக் கேள்வி.

குழந்தைக்குப் பேர் வைக்கிற விழாவுக்கு முனைவரையும் அழைத்தார்கள். பொற்கொடியே ஓர்ப்படியைக் கூட்டிக்கொண்டு, வெற்றிலை பாக்கு பழத்தட்டோடு அவர் தங்கியிருந்த விடுதிக்குப் போய், "ரெண்டு குடும்பத்தையும் சேத்து வச்சது நீங்கதான் சார், நீங்க வராம பேரு வைக்கமாட்டோம்," என்றாள். அவள் மனசாரத்தான் சொன்னாள். முனைவருக்கு அது புரியாவிட்டாலும் மாலை விழும் என்று புரிந்தது. ரம்யாவோடு வந்து இறங்கினார்.

மண்டப வாசலில் ஃபிளெக்ஸ். இந்தத் தடவை பொறுப்பு முழுக்க சுகுணாவுடையது. நட்டநடுவில் ஆளுயரத்துக்கு நாகராசு, கோட்டு சூட்டில், ரெண்டு பக்கமும் ரெண்டு சிங்கம். பொற்கொடி, குணசேகரன், மாப்பிள்ளை, மாப்பிள்ளை வீட்டார், எல்லைக் கண்காணிப்பாளர், மாடி சுரண்ட வந்த ரெண்டு பேர் என்று ஒருத்தர் பாக்கியில்லை. முனைவர் மேலிருந்து தேடிக்கொண்டே வந்தார். நடு வரிசையில் இல்லை. பக்கவாட்டில் இல்லை. கடைசியில், கீழ் மூலையில், ஃபிளெக்ஸ் கடைப் போன் நம்பருக்கு மேலே, வாசல் பலகையிலிருந்து வெட்டியெடுத்த அந்தச் சிரித்த முகம், எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தது.

ரம்யா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த வழியாகப் போன ஒருத்தர் நின்று, ஃபிளெக்ஸைப் பார்த்து, முனைவரைப் பார்த்து, "அண்ணே, பத்துக்கு எட்டு என்ன ரேட்டுங்க?" என்றார்.

"சார், வாங்க, எலை போட்டாச்சு," என்று பொற்கொடி ஓடிவந்தாள். முனைவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. காரில் ஏறி, கண்ணாடியை ஏற்றி, கை நனைக்காமலே போய்விட்டார். மறுநாளிலிருந்து அந்தத் தெரு வழியாகக்கூட அவர் வருவதில்லை.

"வேணும்னேவா போட்டேன்? எடமில்லக்கா," என்றாள் சுகுணா.

பொற்கொடி தெருமுனை வரைக்கும் காரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது.

"அந்த எலையில யாரையும் உக்கார விடாதடி," என்றாள். "இன்னைக்கு இல்லாட்டியும் ஒரு நாள் வருவாரு. வந்து நல்லா ஒரு சண்டை போட்டுட்டாருன்னா எல்லாம் சரியாயிரும்."